சலித்துக்கொள்பவர் கையில் கொடுத்துப் பாருங்கள்: திட்ட மேலாண்மை மென்பொருள் தேர்ந்தெடுக்கும் வழி

நான் முதன்முதலில் தேர்ந்தெடுத்த திட்ட மேலாண்மை மென்பொருளைக் கடைசி நாள்வரை பயன்படுத்தியவர் ஒரே ஒருவர். அது நான்தான்.

14 பேர் கொண்ட குழு. யார் எந்த வேலையை எந்தத் தேதிக்குள் முடிக்க வேண்டும், அது எதுவரை வந்திருக்கிறது என்று ஒரே இடத்தில் காட்டும் மென்பொருள் எங்களுக்குத் தேவைப்பட்டது. இணையத்தில் கிடைத்த ஒப்பீட்டு அட்டவணைகளையெல்லாம் படித்து, விற்பனையாளர் காட்டிய டெமோவில் சொக்கிப்போய், ஒரு வருடச் சந்தாவை முன்கூட்டியே கட்டினோம். முதல் மாதம் எல்லோரும் உற்சாகமாகப் பதிவிட்டார்கள். மூன்றாவது மாதத்தில் வேலையெல்லாம் பழையபடி வாட்ஸ்அப் குழுவுக்கே திரும்பிவிட்டது. வெள்ளிக்கிழமை மாலையானால் ஒவ்வொருவரிடமும் போய், "அது முடிஞ்சுதா, இது எதுவரைக்கும் வந்திருக்கு?" என்று கேட்டு, மென்பொருளில் ஒவ்வொரு வேலைக்கும் உள்ள கார்டுகளை நானே நகர்த்தி வைப்பேன். திங்கட்கிழமைக் கூட்டத்தில், எல்லாம் ஒழுங்காக நடப்பதுபோலத் திரை பச்சைப் பசேலென்று தெரியும்.

மென்பொருளில் குறை எதுவும் இல்லை. அறிக்கை பார்க்கிற எனக்குப் பிடித்ததை வாங்கியிருந்தேன். தினமும் அதில் எழுத வேண்டியவர்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இந்த வகை மென்பொருள் எதுவானாலும் உள்ளே எழுதியதைத்தான் திருப்பிக் காட்டும். ஆகவே எழுதப்போகிறவரை வைத்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். ஐந்திலிருந்து ஐம்பது பேர்வரை உள்ள, இப்படி ஒன்றை முதல்முறையாக வாங்கப்போகிற நிறுவனத்தை மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

முதல் படி: வேலை எங்கே நழுவுகிறது?

எந்த மென்பொருளின் தளத்தையும் இப்போதைக்குத் திறக்க வேண்டாம். ஒரு தாளை எடுத்து, கடந்த மூன்று மாதங்களில் தாமதமான, மறந்துபோன, அல்லது இரண்டு முறை செய்ய நேர்ந்த வேலைகள் ஐந்தாறை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரில், ஏன் அப்படி ஆனது என்று ஒரே ஒரு வரி. இதை நீங்கள் மட்டும் எழுதினால் போதாது; அந்த வேலையைச் செய்தவரும் எழுத வேண்டும். இரண்டு தாள்களும் ஒத்துப்போவது அபூர்வம். அந்த வித்தியாசமே பாதிக் கதையைச் சொல்லிவிடும்.

'யார் செய்வது என்று முடிவாகவில்லை' என்ற வரி திரும்பத் திரும்ப வந்தால், பெயரும் தேதியும் போடத் தெரிந்த எளிய போர்டு போதும். 'அவர் முடிக்காததால் இவர் காத்திருந்தார்' என்பது அதிகம் வந்தால், ஒரு வேலையை இன்னொன்றுடன் கோத்து வைக்கும் வசதி வேண்டும். எல்லாம் ஒரே ஆள் தலையில் குவிகிறதென்றால், யாரிடம் எவ்வளவு வேலை இருக்கிறது என்று ஒரே பார்வையில் காட்டும் பக்கம் வேண்டும். எந்தக் கோப்பு கடைசியானது என்பதில்தான் குழப்பமா? அது கோப்புகளைச் சேமிக்கும் ஒழுங்கு பற்றிய சிக்கல். அதற்குத் திட்ட மேலாண்மை மென்பொருள் அரைகுறையாகத்தான் உதவும்.

'ஒப்புதலுக்காகக் காத்திருந்தோம்' என்ற வரியும் வரக்கூடும். முதலாளி மேஜையில் தேங்குவதற்கு மென்பொருள் மருந்தல்ல. எத்தனை நாளாகத் தேங்கியிருக்கிறது என்பதை எல்லோருக்கும் காட்டும், அவ்வளவுதான். சில இடங்களில் அதுவே போதுமானதாகவும் இருக்கும்.

இந்தத் தாளை எழுதி முடித்ததும், மென்பொருளே வேண்டாம் என்று தெரியவும் வாய்ப்புண்டு. நாலைந்து பேர், ஒரே நேரத்தில் ஒன்றிரண்டு புராஜெக்ட் என்றால், வேலை, பொறுப்பாளர், தேதி, நிலை என்று நான்கு பத்திகள் உள்ள ஒரு பகிர்ந்த ஷீட் நன்றாகவே ஓடும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இரண்டாம் படி: உங்கள் வேலைக்கு என்ன வடிவம்?

வேலைகள் பொதுவாக இரண்டு வகை. ஒன்று, ஆறுபோல ஓயாமல் வந்துகொண்டே இருப்பது: வாடிக்கையாளர் கோரிக்கை, பழுது, வடிவமைப்பு ஆர்டர். இன்னொன்று, தொடக்கமும் முடிவும் உள்ளது: கட்டடம், நிகழ்ச்சி, புதிய தயாரிப்பு. முதல் வகைக்குக் கான்பான் போர்டு பொருந்தும்: ஒவ்வொரு வேலையும் ஒரு கார்டு, ஒவ்வொரு நிலையும் ஒரு பத்தி, வேலை நகர நகரக் கார்டும் நகரும். இரண்டாவதற்கு காண்ட் அட்டவணை.

இவை இரண்டும் கணினிக்கு முந்தியவை. வேலைகளைக் காலக்கோட்டில் பட்டைகளாக வரையும் முறையை 1910களில் பரவலாக்கியவர் ஹென்றி காண்ட். கான்பான், டொயோட்டா தொழிற்சாலையில் டைய்ச்சி ஓனோ உருவாக்கிய முறை. அங்கே கான்பான் என்பது ஓர் அட்டை. அட்டை வந்தால்தான் முந்தைய கட்டத்தில் இருப்பவர் அடுத்த பாகத்தைச் செய்வார். அதாவது, கையில் இருப்பது முடியாமல் புதிதாகக் குவியக் கூடாது என்பதுதான் அதன் உயிர். இன்று பல மென்பொருள்களில் 'நடக்கிறது' என்ற பத்தியில் அறுபது கார்டுகளை அடுக்கினாலும் அது வாயைத் திறக்காது. அது கான்பான் இல்லை, சுவர். ஒரு பத்திக்கு இத்தனைதான் என்று வரம்பு போட முடிகிறதா என்று பாருங்கள். ஜிரா என்ற மென்பொருளில் அந்த வசதி உண்டு.

காண்ட் அட்டவணையிலும் இதேபோல ஒரு பொறி இருக்கிறது. இரண்டு வேலைகளுக்கு இடையே அம்புக்குறி வரைய, காண்ட் அட்டவணை தரும் பெரும்பாலான மென்பொருள்கள் விடும். முதல் வேலையை மூன்று நாள் தள்ளிப் போட்டுப் பாருங்கள். அதை நம்பியிருக்கிற அடுத்தடுத்த வேலைகளின் தேதிகளும் தாமாகத் தள்ளிப்போகின்றனவா? போகவில்லை என்றால் அந்த அம்பு வெறும் ஓவியம். சிலவற்றில் இது வேலை செய்யும், ஆனால் ஏதோ ஒரு மூலையில் உள்ள பொத்தானை அழுத்தியிருக்க வேண்டும். அதையும் தேடிப் பாருங்கள்.

வடிவம் தெரிந்துவிட்டால், கடலாகத் தெரிந்த சந்தை சிறு குட்டையாகச் சுருங்கிவிடும். 2011இல் வந்து, 2017இல் ஜிராவின் நிறுவனமான அட்லாசியன் வாங்கிய ட்ரெல்லோ, கார்டும் போர்டும்தான். பத்து நிமிடத்தில் பழகிவிடலாம். 2004இல் தொடங்கிய பேஸ்கேம்ப், உரையாடலையும் செய்ய வேண்டியவற்றின் பட்டியலையும் ஒரே இடத்தில் வைப்பது; வேலைகளைச் சங்கிலியாகக் கோக்க வேண்டியவர்களுக்கு அது ஒத்துவராது. ஆசனா, மண்டே.காம், கிளிக்அப், ஜோஹோ புராஜெக்ட்ஸ் எல்லாம் பட்டியல், போர்டு, காலக்கோடு என எல்லாவற்றையும் ஒரே கூரைக்குள் தர முயல்பவை. வசதி அதிகம், அதனால் தடுமாற்றமும் அதிகம். ஜிரா 2002இல் மென்பொருள் பிழைகளைப் பின்தொடர்வதற்காகப் பிறந்தது. நிரல் எழுதும் குழுவுக்கு அது வீட்டைப் போல. மற்றவர்களுக்கு விமானத்தின் ஓட்டுநர் அறை போலத் தோன்றும். 1984இலேயே, விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்தில் வந்த மைக்ரோசாஃப்ட் புராஜெக்ட், கால அட்டவணையைக் கணக்குப் போட்டு நிர்வகிப்பவர்களுக்கான கருவி. தரவு நம் சர்வரிலேயே இருக்க வேண்டும் என்பவர்களுக்கு ரெட்மைன், ஓப்பன்புராஜெக்ட் போன்ற திறமூல (மூல நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும்) மென்பொருள்கள் உண்டு. அவற்றுக்கு உரிமக் கட்டணம் இல்லாவிட்டாலும், சர்வரைப் பராமரிக்கவும் பேக்கப் எடுக்கவும் ஓர் ஆள் வேண்டும். அப்படி ஒருவர் இல்லையென்றால் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

மூன்றாம் படி: ஐந்து நிபந்தனைகள், ஆறாவது கூடாது

இந்த வசதி இல்லாவிட்டால் வாங்க மாட்டோம் என்கிற நிபந்தனைகளை மட்டும் எழுதுங்கள். ஐந்தைத் தாண்டக் கூடாது. 'இருந்தால் நன்றாக இருக்கும்' என்பவற்றுக்கு இங்கே இடமில்லை. அவைதான் மூன்று மாதத்தில் தீர வேண்டிய தேர்வை ஒன்பது மாதத்துக்கு இழுப்பவை. ஒப்பீட்டு அட்டவணைகளில் டிக் குறி இருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். அந்த வசதி எந்த பிளானில், அதாவது எந்தக் கட்டண அடுக்கில் கிடைக்கிறது என்பதைப் பல நேரம் அந்த டிக் சொல்வதில்லை.

நான்காம் படி: கணக்கு

பெரும்பாலானவை 'ஓர் ஆளுக்கு ஒரு மாதத்துக்கு இவ்வளவு' என்றுதான் விலை சொல்கின்றன. அந்தச் சின்ன எண்ணைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஆள்-மாதம் என்று, அதாவது ஆட்களை மாதங்களால் பெருக்கிக் கணக்குப் போட்டுப் பாருங்கள். இன்று 12 பேர் என்றால் வருடத்துக்கு 144. அடுத்த வருடம் 18 பேராகப் போகிறீர்கள் என்றால் 216. ஐந்து வாடிக்கையாளர்கள் உள்ளே வந்து எட்டிப் பார்க்க வேண்டும், அவர்களுக்கும் கட்டணம் உண்டு என்றால் 276. 144 என்று நினைத்துத் தொடங்கியது கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிவிட்டது.

அதனால் விற்பனையாளரிடம் நேராகக் கேட்க வேண்டியவை சில உண்டு. வெறுமனே பார்ப்பவருக்கும் பணம் கட்ட வேண்டுமா? விருந்தினராக எத்தனை பேரைச் சேர்க்கலாம்? குறைந்தபட்சம் இத்தனை இருக்கைகள் (ஆளுக்கு ஒரு கணக்கு) வாங்கியாக வேண்டும் என்றோ, கொத்துக் கொத்தாகத்தான் விற்போம் என்றோ விதி இருக்கிறதா? நடுவில் இரண்டு பேர் வேலையை விட்டுப் போனால் அவர்களின் கட்டணம் குறையுமா, இல்லை வருடக் கடைசிவரை ஓடுமா? இலவச பிளானின் எல்லையையும் கேளுங்கள். ஜிராவின் இலவச பிளான் 10 பேர்வரைதான். பதினோராவது ஆள் சேரும்போது அவருக்கு மட்டுமல்ல, எல்லோருக்கும் சேர்த்துக் கட்ட வேண்டிவரும். நிறுவனத்தின் ஒரே லாகின் மூலம் உள்ளே நுழைவது, யார் எதை மாற்றினார் என்ற தணிக்கைப் பதிவு போன்ற பாதுகாப்பு வசதிகளைப் பல நிறுவனங்கள் உயர்ந்த பிளான்களில் மட்டுமே தருகின்றன. அவை உங்கள் ஐந்து நிபந்தனைகளில் இருந்தால், கீழ் பிளானின் விலையைப் பார்த்துப் பயனில்லை.

ஆனால் உண்மையான பெரிய செலவு விலைப் பட்டியலில் இருக்காது. 14 பேர் தினமும் பத்து நிமிடம் பதிவிட்டால் 140 நிமிடம். மாதம் 22 வேலைநாள் என்று வைத்தால் 51 மணி நேரத்துக்கு மேல். அந்தப் பத்து நிமிடத்தை நான்காகக் குறைக்கும் மென்பொருள், சந்தாவில் சற்றுக் கூடுதலாக இருந்தாலும் மலிவானதுதான்.

ஐந்தாம் படி: சோதனை

மற்ற படிகளில் கொஞ்சம் அசட்டையாக இருந்தாலும் இதில் இருக்கக் கூடாது.

இரண்டே இரண்டு மென்பொருள்களை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது வந்தால் யாருக்கும் எதுவும் நினைவில் நிற்காது. பொய்யான மாதிரித் தரவைப் போட்டு விளையாட வேண்டாம். மூன்று நான்கு வாரத்தில் முடியக்கூடிய உண்மையான புராஜெக்ட் ஒன்றை உள்ளே கொண்டுவாருங்கள். சறுக்கினால் நிறுவனமே கவிழ்ந்துவிடாத புராஜெக்ட்டாக இருக்கட்டும். இரண்டு மென்பொருளுக்கும் தனித்தனிக் குழு இருந்தால் ஒரே நேரத்தில் நடத்தலாம். இல்லையென்றால் ஒன்றன்பின் ஒன்றாக. இலவச சோதனைக் காலம் முடிந்துவிட்டால் ஒரு மாதச் சந்தா கட்டியாவது சோதனையை முடியுங்கள்.

சோதனைக் குழுவில் ஐந்து பேர். அதில் ஒருவர், இந்த மாதிரி விஷயம் என்றாலே முகம் சுளிப்பவராக இருக்க வேண்டும். கணினியில் ஆர்வமுள்ள ஐந்து பேரைச் சேர்த்தால் எந்த மென்பொருளும் தேறிவிடும். அது சோதனையே அல்ல. இரண்டாவது முறை நாங்கள் தேர்ந்தெடுத்தபோது, களப்பணியைக் கவனித்துக்கொண்டிருந்த மூத்தவர் ஒருவரிடம் போனைக் கொடுத்தேன். ஐந்து நிமிடம் விரலால் தடவித் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். "தம்பி, இதுல எழுதுற நேரத்துக்கு நான் அந்த வேலையையே முடிச்சிருப்பேன்." பின்னாலேயே நின்று பார்த்ததில் காரணம் தெரிந்தது. ஒரு வேலை முடிந்தது என்று குறிக்க, அந்த மென்பொருளில் ஒன்பது இடங்களில் தட்ட வேண்டியிருந்தது. போட்டிக்கு இருந்த இன்னொன்றில் மூன்று. எங்கள் முடிவு அங்கேயே ஆகிவிட்டது, மீதி இரண்டு வாரமும் அதை உறுதிப்படுத்தத்தான்.

ஆகவே முதல் சோதனை: நின்றுகொண்டே, ஒரு கையால், போனில் ஒரு வேலையை முடித்ததாகக் குறித்து, ஒரு புகைப்படம் சேர்த்து அனுப்ப எவ்வளவு நேரம் ஆகிறது? அரை நிமிடத்துக்கு மேல் போனால் யோசியுங்கள். இணைப்பு இல்லாத இடத்தில் எழுதியது, பிறகு இணைப்பு வந்ததும் போய்ச் சேர்கிறதா என்றும் பாருங்கள்.

அப்புறம் அறிவிப்புகள். முதல் நாளே ஆளுக்கு எத்தனை மின்னஞ்சல் வருகிறது என்று எண்ணுங்கள். பல மென்பொருள்கள் ஆரம்ப அமைப்பிலேயே எல்லாவற்றுக்கும் மணியடிக்கும். இரண்டு நாளில் ஜனங்கள் அத்தனையையும் ஒரே போல்டரில் தள்ளிவிட்டுப் பார்ப்பதையே நிறுத்திவிடுவார்கள். தன் பெயர் வரும்போது மட்டும் தகவல் வருமாறு சுலபமாக மாற்ற முடிய வேண்டும்.

வாடிக்கையாளரை உள்ளே விடப்போகிறீர்கள் என்றால், உங்களுடைய இன்னொரு மின்னஞ்சலில் விருந்தினராக நீங்களே நுழைந்து பாருங்கள். உங்கள் ஆட்கள் தங்களுக்குள் எழுதிக்கொண்ட குறிப்பு அங்கே தெரிகிறதா? இதை மேலோட்டமாக நம்பிவிட்டு, பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டவர்கள் நிறைய.

ஒரு புராஜெக்ட்டை வேண்டுமென்றே அழித்துவிட்டு மீட்க முயலுங்கள். ஒருவரின் கணக்கை முடக்கி, அவர் பெயரிலிருந்த வேலைகள் எங்கே போகின்றன என்று பாருங்கள். மாதாமாதம் வரும் வேலையை ஒன்று போட்டு, இந்த மாதத்ததை முடிக்காமலே விடுங்கள். அடுத்த மாதத்துக்கானது தானாக உருவாகிறதா? சிலவற்றில் முந்தையதை முடித்தால்தான் அடுத்தது பிறக்கும். கணக்குத் தாக்கல் போன்ற வேலைகளில் இது ஆளைக் கவிழ்த்துவிடும். உங்கள் மொழியில் வேலையின் பெயரை எழுதித் தேடிப் பாருங்கள், பிடிஎஃப் ஆக எடுத்தும் பாருங்கள். திரையில் அழகாகத் தெரிந்த எழுத்து பிடிஎஃப்பில் சிதறிக் கிடப்பது உண்டு.

முடிவு சொல்லும் சோதனை இதுதான்: இரண்டாவது வாரத்தோடு நினைவூட்டுவதை நிறுத்திவிடுங்கள். மூன்றாவது வாரத்தில் யார் யார் தாமாகவே வந்து பதிவிடுகிறார்கள் என்று எண்ணுங்கள். ஐந்தில் நான்கு பேர் என்றால் சரி. இரண்டு பேர் என்றால், அறிக்கைகள் எவ்வளவு அழகாக இருந்தாலும் அதை விட்டுவிடுங்கள்.

ஆறாம் படி: வெளியேறும் கதவு

செய்ய வேண்டியவற்றைப் பட்டியலிட வுண்டர்லிஸ்ட் என்று ஒரு செயலி இருந்தது. மிகப் பிரபலம். 2015இல் மைக்ரோசாஃப்ட் அதை வாங்கியது, 2020 மே 6ஆம் தேதி மூடியது. நன்றாக ஓடிக்கொண்டிருப்பதும் ஒருநாள் நிற்கலாம். பணம் கட்டும் முன்பே, சோதனையில் இருந்த புராஜெக்ட்டை முழுவதுமாக வெளியே எடுத்துப் பாருங்கள். சிஎஸ்வி கோப்பில் (எக்செல்லில் திறக்கக்கூடிய எளிய அட்டவணைக் கோப்பு) வேலையின் பெயர், தேதி, பொறுப்பாளர் வரும். பேசிக்கொண்ட கருத்துகளும் இணைப்புக் கோப்புகளும் பல நேரம் வராது. ட்ரெல்லோவில் ஜேசன் என்ற, நிரலாளர்களுக்குப் பழக்கமான கோப்பு வடிவில் எவரும் எடுக்கலாம். சிஎஸ்வி வேண்டுமென்றால் கட்டண பிளான் வேண்டும். எடுத்த சிஎஸ்வியை எக்செல்லில் நேரடியாகத் திறந்தால் தமிழ் எழுத்துகள் குப்பையாகத் தெரியலாம். பயப்பட வேண்டாம், எக்செல்லின் தரவு இறக்குமதி வழியாக யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டைத் தேர்ந்தெடுத்துத் திறந்தால் சரியாக வரும்.

பெரிய நிறுவனம் என்பதும் காப்பீடு ஆகாது. 2022 ஏப்ரலில் அட்லாசியனில் நடந்த ஒரு பராமரிப்புத் தவறில் சுமார் 775 வாடிக்கையாளர்களின் தளங்கள் அழிக்கப்பட்டன. சிலருக்கு எல்லாம் திரும்பி வர இரண்டு வாரம் ஆனது. தரவு கடைசியில் மீண்டது. ஆனால் அந்த இரண்டு வாரமும் யார் என்ன செய்ய வேண்டும் என்ற பட்டியல் கையில் இல்லாமல் வேலை பார்ப்பதை நினைத்துப் பாருங்கள். மாதம் ஒருமுறையாவது ஒரு நகல் எடுத்து வையுங்கள்.

இன்னொன்று, கணக்கை நிறுவனத்தின் பொதுவான மின்னஞ்சலில் பதிவு செய்யுங்கள். ஆர்வமாக முன்வந்து பதிவு செய்து தந்த ஊழியரின் சொந்த மின்னஞ்சலில் வேண்டாம். நிர்வாகி உரிமை இரண்டு பேரிடம் இருக்கட்டும், இருவருக்கும் இரட்டை அடையாளச் சரிபார்ப்பு (கடவுச்சொல்லோடு இன்னொரு சரிபார்ப்பும்) இருக்கட்டும்.

ஏழாம் படி: முதல் மூன்று மாதம்

பழைய சரித்திரத்தையெல்லாம் உள்ளே ஏற்றாதீர்கள். உயிரோடு இருக்கிற வேலைகள் மட்டும் போதும். நிலைகளும் மூன்று போதும்: செய்ய வேண்டியது, நடப்பது, முடிந்தது. நாலாவது தேவைப்பட்டால் ஆட்களே வந்து கேட்பார்கள். ஒரு வேலைக்கு ஒரே பெயர். இரண்டு பேர் பொறுப்பு என்றால் யாருமே பொறுப்பில்லை. 'இணையதளம்' என்று எழுதாமல் 'இணையதளத்தின் தொடர்புப் பக்கத்தைத் திருத்து' என்று வினையோடு எழுதப் பழக்குங்கள். பழைய ஷீட்டை ஒரு தேதி குறித்து, இனிமேல் பார்க்க மட்டும்தான் என்று பூட்டிவிடுங்கள். இரண்டும் திறந்திருந்தால் ஜனங்கள் பழையதற்கே போவார்கள்.

மேலே இருப்பவருக்கு ஒரு வார்த்தை. "அது என்ன ஆச்சு?" என்று வாட்ஸ்அப்பில் நீங்கள் கேட்கிற முதல் நாளே, மென்பொருள் கட்டாயமில்லை என்று எல்லோருக்கும் புரிந்துவிடும். கேள்வியையும் அந்த வேலையின் கீழேயே எழுதுங்கள். தாமதமான கார்டுகளை எண்ணி ஆட்களைக் கண்டிக்கவும் தொடங்காதீர்கள். அப்படிச் செய்தால் தாமதம் குறையாது; தேதியை இரண்டு வாரம் கூட்டிப் போடும் பழக்கம்தான் வளரும்.

மூன்று மாதம் வரை மாதச் சந்தாதான், வருடத் தள்ளுபடி எவ்வளவு ஆசை காட்டினாலும். அதற்குப் பிறகும் வெள்ளிக்கிழமை மாலை யாராவது ஒருவர் சுற்றிச் சுற்றிக் கேட்டுக் கார்டுகளை நகர்த்திக்கொண்டிருந்தால் நிறுத்திவிடலாம். நன்றாகப் போகிறது, வருடச் சந்தாவுக்கு மாறுகிறீர்கள் என்றால், பெரும்பாலும் அது தானாகவே புதுப்பித்துக்கொள்ளும். அந்தத் தேதிக்கு 30 நாள் முன்னால் 'தொடர்வதா என்று முடிவு செய்' என ஒரு வேலையை, பொறுப்பாளர் பெயரோடு, அந்த மென்பொருளிலேயே போட்டு வையுங்கள். உரிய நாளில் அதை யாரும் கவனிக்கவில்லை என்றால், பதில் கிடைத்த மாதிரிதான்.